ஆம்பூர் வாசனை அடித்த வெந்நீர்

போன வாரம் என் பேரன் குளியலறைச் சுவரில் வெந்நீர் போடும் மின்சாரப் பெட்டி ஒன்றை மாட்டிவிட்டுப் போனான். குழாயைத் திருகினால் ஆவி பறக்கக் கொட்டுகிறது. எல்லாம் சரிதான், ஆனால் அந்த வெந்நீருக்கு வாசனை இல்லை. வெந்நீருக்கு ஏதய்யா வாசனை என்று நீங்கள் சிரிப்பீர்கள். நான் பார்த்ததிலேயே உயர்ந்த வெந்நீர், ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்பு மாதிரி நாறியது.

அப்போது வெள்ளைக்காரன் காலம். எங்கள் முதலாளியின் தம்பி பம்பாயில் தோல் ஷாப்பு வைத்திருந்தார். ஆம்பூரிலிருந்து எங்களில் சில பேரை அங்கே அனுப்பினார்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை; பக்கத்து அறையில் இருந்த சின்னப்பன் அண்ணன் வீட்டில்தான் சாப்பாடு. அவர் மனைவி ரோசம்மா அண்ணி வைக்கும் கருவாட்டுக் குழம்புக்காகவே நான் பம்பாயில் தங்கினேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

எனக்குச் சுண்ணாம்புக் குழியில் வேலை. அங்கே ஊறிய தோலை அண்ணன் மரக்கட்டையில் விரித்து, இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தியால் சவ்வை வழித்தெடுப்பார். ஒரு கீறல் விழாது. என்ன கை அது! அந்தக் கையைத்தான் சுண்ணாம்பு தின்றுவிட்டது. விரல்கள் வெடித்து, மரத்து, கத்திப் பிடியைச் சுற்றி மடங்க மறுத்தன.

"திங்கக்கெழம கத்தி புடிக்க முடியலன்னா ஊருக்குக் கெளம்புப்பா" என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். ஊரில் அண்ணியின் அம்மாவிடம் விட்டிருந்த மூன்று பிள்ளைகளும் அந்தக் கையை நம்பித்தான் சாப்பிட்டார்கள்.

வடக்கே மலையடிவாரத்தில் வெந்நீர் ஊற்று இருப்பதாகவும், அதில் குளித்தால் கை கால் முடக்கம் தீரும் என்றும் யாரோ அண்ணியிடம் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையைக்கூட விட்டுவிட்டு எங்களை இழுத்துக்கொண்டு கிளம்பினார். ரயில், அப்புறம் மாட்டு வண்டி. வண்டி நின்றதும் அண்ணன் மூக்கை உறிஞ்சினார்.

"இங்க எவன்டா சுண்ணாம்புக் குழி போட்டுக்கீறான்?"

குழி எதுவும் இல்லை. பாறை இடுக்கில் கந்தக நாற்றத்தோடு தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. அடுப்பில்லை, விறகில்லை, பூமியே உலை வைத்திருந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இன்றைக்கு நினைத்தாலும் மெய்சிலிர்க்கிறது. அதைவிட அதிசயம், பம்பாய் டிராமில் எங்கள் மேல் அடிக்கும் தோல் வாடைக்குப் பக்கத்திலிருந்து எழுந்து போவார்களே, அந்த மாதிரிப் பெரிய வீட்டு ஆட்களே அந்த நாற்றத்தைக் கும்பிட்டுக் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் மட்டும் இறங்கமாட்டேன் என்றார். பதப்படாத தோல் சுடுதண்ணீரில் பட்டால் சுருண்டு பாழாகிவிடும், தோல் ஷாப்பில் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். கத்திப் பிடியில் சுற்றுவதற்காக மடியில் வைத்திருந்த பச்சைத்தோல் வார் ஒன்றை எடுத்து ஊற்றுக்கண்ணில் முக்கிக் காட்டினார். அது சுருண்டு சுண்டுவிரல் அளவாகிவிட்டது.

"பாத்தியா? என் கையும் இப்டித்தான் ஆவும்."

"அது செத்த ஆடுய்யா. நீ இன்னா செத்தா பூட்டே?" என்ற அண்ணி, தண்ணீர் சற்று ஆறித் தேங்கும் கீழ்த்தொட்டியில் சேலையோடு இறங்கிவிட்டார். கழுத்துவரை அமிழ்ந்துகொண்டு, "சுருண்டுட்டனா சொல்லு" என்றார். பாஷை தெரியாத ஜனங்கள்கூடச் சிரித்தார்கள்.

அண்ணன் வெட்கப்பட்டுக்கொண்டே கரையில் உட்கார்ந்து கையை விட்டார். சூடு பட்டதும் இழுக்கப் பார்த்தார். அண்ணி விடவில்லை. தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வெயில் தாழும்வரை ஒவ்வொரு விரலாக நீவினார். பிறகு, "மடக்குய்யா" என்றார். விரல்கள் மெல்ல மடங்கி, அண்ணியின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டன.

"மடங்குது ரோசா" என்று சொல்லி அண்ணன் அழுதுவிட்டார். நானும்தான்.

மறுநாள் விடிவதற்குள் விரல்கள் பழையபடி விறைத்துப்போயின. அண்ணி அசரவில்லை. அடுப்பு மூட்டி, சட்டியில் வெந்நீர் வைத்து, அதே மாதிரி கையை அமுக்கிப் பிடித்து நீவி, வேலைக்கு அனுப்பினார். அன்றைக்கு அண்ணன் கத்தி பிடித்தார். நாங்கள் எல்லோரும் ஆம்பூருக்குத் திரும்பிய பிறகும், தலை நரைக்கும்வரை பிடித்தார். அந்தப் பொம்பளையின் பிடிவாதத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் கை கூப்பத் தோன்றும். ஆம்பூரில் எங்கள் சந்தில் தினமும் முதலில் ஆவி கிளம்பியது அவர்கள் வீட்டில்தான்.

சந்து இப்போது முழுக்கக் கடைகள். இரண்டு பேரும் கல்லறைத் தோட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். சுண்ணாம்பில் ஊறிய என் விரல்களும் சரியாக மடங்குவதில்லை. பேரன் மாட்டிய குழாயடியில் கையை நீட்டிப் பார்த்தேன். நல்ல சூடுதான். பொறுக்காமல் இழுத்துக்கொண்டேன், அமுக்கிப் பிடிக்க ஆள் இல்லை.