மடவைக் குஞ்சும் கொடுவாக் குஞ்சும்

சுனாமி வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கிள்ளைக்குப் பக்கத்தில் நானும் என் மனைவியின் தம்பியும் சேர்ந்து இரண்டு இறால் குட்டை வைத்திருந்தோம். ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் மதகைத் திறந்து, அடியில் தேங்கிய கறுப்புத் தண்ணீரை வாய்க்காலில் விட்டுவிடுவோம். சுற்றியிருந்த பண்ணைக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

ஒரு நாள் காலை திறக்கப் போனபோது மதகுக்கு நேர்கீழே, இடுப்பளவு தண்ணீரில் ஒரு அக்கா நின்றார். பக்கத்துக் குப்பத்துக்காரர். வாய்க்காலில் கையால் துழாவி இறாலும் நண்டும் பிடித்து, சிதம்பரம் மார்க்கெட்டில் விற்பவர்.

“தொறக்காத தம்பி. ஒங்க சேறு வர ஆரம்பிச்சதுலேருந்து வாய்க்கால்ல ஒரு நண்டு கெடையாது. கையப் பாரு, எப்புடி வெந்து கெடக்குதுன்னு. தொறக்கறதுன்னா நான் நிக்கும்போதே தொற.”

மச்சான் கோபத்தில் மதகுப் பலகையைப் பிடித்தான். நான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். நியாயம் புரிந்து அல்ல, அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்துதான். ஆனால் முழங்கைவரை புண்ணாகிக் கிடந்த அந்தக் கைகளைப் பார்த்த பிறகு, மறுநாளும் எனக்குத் திறக்க மனம் வரவில்லை.

பரங்கிப்பேட்டையில் நடந்த ஒரு பயிற்சிக்குப் போனேன். இறாலைக் குறைத்து, கூடவே மடவை, பால்கெண்டை மீன்களையும் விடலாம் என்றார்கள். மீந்த தீனியையும் அடி அழுக்கையும் மடவை தின்னும். பாசியைப் பால்கெண்டை தின்னும். தண்ணீரைக் கொட்டாமல் அடுத்த போகத்துக்கும் வைத்துக்கொள்ளலாம்.

“எறா குட்டையில மீன உட்டா ஊரே சிரிக்கும் மாமா” என்றான் மச்சான்.

“சிரிக்கட்டும். வாய்க்கால்ல இனிமே ஒரு சொட்டு உடமாட்டேன்.”

முகத்துவாரத்தில் வலை போட்டு நாங்களே மீன்குஞ்சு பிடித்துக் குட்டையில் விட்டோம். மூன்றாம் மாதம் வீச்சுவலை வீசினால் இறாலே இல்லை. சாண் நீளத்தில் கொடுவா மீன்கள் துள்ளின. ஒன்றின் வயிற்றைக் கீறினேன். உள்ளே எங்கள் இறால். மடவைக் குஞ்சு என்று நினைத்து, இறாலைத் தின்னும் மீனையும் சேர்த்து விட்டிருக்கிறோம். மச்சான் அடுத்த வாரமே கடலூர் துறைமுகத்துக்கு ஐஸ் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான்.

வெட்கத்தை விட்டு அந்த அக்காவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

“கொடுவாக் குஞ்சுக்குத் தலையில வெள்ளக் கோடு ஓடும். அதுகூடத் தெரியாமயா குட்ட வச்சிருக்க? நான் பிரிச்சித் தர்றேன். ஆனா என்னக் கேக்காம மதகத் தொறக்கக் கூடாது.”

ஒப்புக்கொண்டேன். நான் மறுபடி பிடித்து வந்த குஞ்சுகளை வெள்ளைப் பாத்திரத்தில் ஊற்றி, ஒவ்வொன்றாகப் பார்த்துக் கொடுவாவை எடுத்து வெளியே போட்டார். அந்தப் போகத்தில் இறால் முன்பு அளவுக்கு இல்லை, ஆனால் மடவையும் பால்கெண்டையும் சேர்ந்து மூன்றும் தேறின. தண்ணீரில் நாற்றமும் இல்லை. கேள்விப்பட்டு மச்சான் திரும்பி வந்தான். பக்கத்துப் பண்ணைகள் மாறவில்லை. அதனால் வாய்க்கால் பாதிதான் தேறியது. அக்கா அடுத்து அவர்கள் மதகுகளின் கீழே போய் நின்றார். இம்முறை நானும் கூட நின்றேன்.

சில வருடம் கழித்து வந்த தானே புயலில் குட்டைக் கரை உடைந்து எல்லா மீனும் ஆற்றோடு போனது. விடிந்ததும் உடைப்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“வெறும் எறாலே போட்டுடலாமா மச்சான்?” என்று கேட்டுப் பார்த்தேன்.

“மொதல்ல கரையக் கட்டுவோம் மாமா. குஞ்சுக்கு அக்காகிட்டச் சொல்லிட்டேன்” என்று மண்வெட்டியை எடுத்தான்.