தெரிஞ்சவங்க வீட்டுத் தண்ணீர்

மூன்று வருஷத்துக்கு முந்தைய மே மாதம். ஜெர்மனியில் வேலை பார்க்கும் மருமகன், மகளோடு லீவுக்குத் தூத்துக்குடி வந்திருந்தார். அதற்கு முந்தின கோடையில் இரண்டு பேரும் இத்தாலிக் கடற்கரை ஓரமாகப் பத்து நாள் கேரவனில் சுற்றியிருக்கிறார்கள். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. பிடித்த இடத்தில் நிறுத்தலாம், கடலைப் பார்த்தபடி காபி குடிக்கலாம், அலுத்துவிட்டால் அடுத்த ஊருக்குக் கிளம்பலாம். போன் நிறைய அந்தப் படங்கள்தான். நம்ம ஊர்க் கடற்கரை எதில் குறைச்சல் என்று மருமகன் கேட்டார். கேட்டதோடு நிற்காமல், அதே மாதிரி ஒரு வண்டியை மதுரையில் வாடகைக்கு எடுத்து வந்து எங்கள் வாசலில் நிறுத்திவிட்டார்.

திருச்செந்தூர், மணப்பாடு, உவரி என்று கடலோரமாகவே போய்க் கன்னியாகுமரியில் முடிப்பதாகத் திட்டம். மகள், மருமகன், நான், என் கணவர், கூட மருமகனின் அப்பாவும் அம்மாவும். சம்பந்திகள் கோயம்புத்தூர்க்காரர்கள், சுத்த சைவம். சம்பந்தி அம்மாவுக்கு மூட்டுவலி. போகிற வழியில் யார் வீட்டிலும் ஏறி இறங்க வேண்டாம் என்பதில் அவருக்கு ஏக சந்தோஷம். எனக்கும்தான். ஏன் என்று சொல்கிறேன்.

மணப்பாட்டுக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் என் தங்கச்சி இருக்கிறாள். கூடப் பிறந்தவள், ஒரே தங்கச்சி. துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தபோது, அங்கே வேலை பார்த்த கடற்கரைக் கிறிஸ்தவப் பையனை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் இப்போது அந்த ஊரிலேயே வள்ளத்து மோட்டார் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். அப்பா இருந்தவரை அவள் பெயரை எடுக்க முடியாது. அப்பா போன பிறகு போனில் பேச ஆரம்பித்தோம். எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வருவாள், பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவாள், போவாள். ஆனால் அந்தப் பயணம்வரை இருபத்திரண்டு வருஷத்தில் எங்கள் பக்கத்து ஆள் ஒருவர்கூட அவள் வீட்டில் கை நனைத்ததில்லை. யாரும் சண்டை போடவில்லை. நான் வெள்ளிக்கிழமை என்பேன், விரதம் என்பேன், அவசரம் என்பேன். இதில் வேடிக்கை, வாரத்துக்கு மூன்று நாள் சீலா மீன் குழம்பு இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அவர்கள் கடலில் பிடித்த மீன் என் சட்டியில் கொதிக்கலாம், அவர்கள் சட்டியில் கொதித்தது மட்டும் எனக்கு ஆகாது. என்ன நியாயமோ!

சம்பந்தி வீட்டாருக்குத் தங்கச்சி இருப்பதே தெரியாது. பெண் பார்க்க வந்தபோது நான் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு அவளைக் கூப்பிட்டேன், கூட்டத்தோடு கூட்டமாக வந்து மொய் எழுதிவிட்டுப் போனாள்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் என் வாய் சும்மா இருக்காமல், சம்பந்தியோடு இன்ன நாள் அந்த வழியாகத்தான் போகிறோம் என்று போனில் அவளிடம் உளறிவிட்டேன். "அப்ப மத்தியானச் சாப்பாடு இங்கனதாங்க்கா" என்றாள். "பாப்பம்ளா" என்றேன். எங்கள் ஊரில் பாப்பம் என்றால் இல்லை என்று அர்த்தம். அது அவளுக்கும் தெரியும், ஆனால் ஆசை கேட்கவில்லை போல. அந்த ஊரைத் தாண்டுகிற அன்று காலையில் இரண்டு தடவை கூப்பிட்டாள். நான் போனைச் சத்தமில்லாமல் ஆக்கிக் கைப்பைக்குள் போட்டுவிட்டேன்.

முதல் நாள் திருச்செந்தூரில் கடலில் குளித்துவிட்டு ஆறு பேரும் வண்டிக்குள்ளேயே உப்புப் போகக் குளித்தோம். சம்பந்தி அம்மா இரண்டு தடவை. மறுநாள் பதினொரு மணிக்கு மணப்பாடு தாண்டியதும் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. தொட்டி காலி. இத்தாலியில் இந்த மாதிரி வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் குழாய் வைத்திருப்பார்களாம், மருமகன் அதே நினைப்பில் இருந்திருக்கிறார். பெட்ரோல் பங்கில் கேட்டோம், அங்கே உப்புத் தண்ணீர்தான் இருந்தது. வெயில் கொளுத்துகிறது. சம்பந்தி அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. என் கணவர் என்னைப் பார்த்தார்.

"அவ வீடு அஞ்சு நிமிசந்தானே."

"யார் வீடுங்க?" என்று சம்பந்தி அம்மா கேட்டார்.

"எங்களுக்குத் தெரிஞ்சவங்க வீடு" என்றேன். சட்டென்று வந்துவிட்டது. மகள் தலையைக் குனிந்துகொண்டு போனை நோண்டினாள்.

அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். புதுச் சேலை கட்டியிருந்தாள். அவ்வளவு பெரிய வண்டி சந்துக்குள் திரும்புவதைப் பார்த்து அவள் முகம் மலர்ந்ததை நான் இறங்குவதற்கு முன்பே பார்த்துவிட்டேன். அவளைப் பார்க்கத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டாள். சம்பந்திகள் ஏசியை விட்டு இறங்கவில்லை, அது எனக்கு வசதியாகப் போயிற்று. தண்ணீர் வேண்டும் என்று நான் சொன்னதும் ஒரு நொடி நின்றாள். பிறகு உள்ளே பார்த்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பின்பக்கம் இருந்த பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் ஒரு சின்ன மோட்டாரைப் போட்டு, நீளமான ஹோஸை இழுத்துவந்து வண்டியின் தண்ணீர் வாயில் செருகினார். ஹோஸ் நழுவிக்கொண்டே இருந்ததால் கையால் பிடித்தபடி வெயிலில் நின்றார். தண்ணீர் நூல் மாதிரி ஏறியது. நிறைய முக்கால் மணி நேரமாவது ஆகும் என்றார்.

தங்கச்சி என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போனாள். சொதி, அவியல், பருப்புப் பாயசம். எல்லாம் புது எவர்சில்வர் பாத்திரத்தில், ஒன்றிரண்டில் கடை ஸ்டிக்கர்கூட உரிக்கவில்லை. வாழையிலை கழுவி அடுக்கியிருந்தது.

"எல்லாம் புதுசுதாங்க்கா. நாங்க புழங்குத பாத்திரம் ஒண்ணுகூட இல்ல. சம்பந்தி வீட்டுக்காரங்க சைவம்னு சொன்னீல்லா, அதான் ரெண்டு நாளா அடுப்படியில மீனே ஏத்தல" என்றாள்.

என் கணவர் அதற்குள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "சொதி வாசனை தூக்குதே" என்றார். அந்த மனுஷனுக்கு இந்தக் கோணல் எதுவும் கிடையாது. விட்டிருந்தால் அன்றைக்கே எல்லாம் சரியாகியிருக்கும். நான் விடவில்லை. "உங்களுக்குச் சுகர். மாத்திரைகூட வண்டியிலதான் இருக்கு. எந்திரிங்க" என்று ஒரு பார்வை பார்த்தேன். எழுந்துவிட்டார்.

"வண்டியிலயே புளியோதரை, தயிர்சாதமெல்லாம் இருக்குளா. எதுக்கு உனக்குச் சிரமம்?" என்றேன்.

"சரிக்கா. நீ மட்டுமாவது ஒரு வாய்..."

"அவங்க தனியா இருப்பாங்கல்லா" என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்துவிட்டேன்.

சம்பந்தி முன்னால் மானம் போய்விடும், மகள் வாழ்க்கைக்கு ஏதாவது வந்துவிடும் என்று பயந்துதான் அப்படிச் செய்தேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். சம்பந்தி வந்தது ஏழு வருஷம் முன்னால். அதற்கு முந்தைய வருஷங்களுக்கு என்ன சாக்கு?

தண்ணீர் ஏறி முடியவில்லை, சம்பந்திக்குப் பசி வந்துவிட்டது. அதனால் அவள் வீட்டு வாசலிலேயே, ஆறடி தள்ளி, வண்டிக்குள் மேசையை விரித்து நாங்கள் சாப்பிட்டோம். திரைச்சீலை இடுக்கில் எனக்கு அவள் தெரிந்தாள், படியில் நின்றாள். குடத்தோடு போன ஒரு பெண் எங்கள் வண்டியை எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமாகவே கேட்டாள். "என்ன, விருந்தாளி வண்டிக்குள்ளயே சாப்பிடுதாவளா?"

"பத்தியச் சாப்பாடு. வெளிய சாப்பிட்டா அவங்க உடம்புக்கு ஆகாது" என்றாள் என் தங்கச்சி.

சம்பந்தி அம்மாவுக்கு அது காதில் விழவில்லை. தயிர்சாதத்தைப் பிசைந்தபடி, "வெயில்ல நின்னு புடிக்கறாரு பாருங்க, தங்கமான மனுசருங்க. உங்களுக்குச் சொந்தமுங்களா?" என்று கேட்டார்.

"சொந்தமெல்லாம் இல்ல, பழக்கந்தான்" என்றேன்.

சாப்பாட்டு வாசனை போகட்டும் என்று சன்னலைத் திறந்து வைத்திருந்தோம். அதற்கு நேர் கீழேதான் தண்ணீர் வாய் இருந்தது, அவர் அங்கேதான் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

பத்து நிமிஷம் கழித்து வண்டியின் பக்கவாட்டில் தட்டும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது. எங்கே பார்த்தாலும் வாய் நிறைய என்னை மைனி என்று உறவு சொல்லிக் கூப்பிட்டவர், சம்பந்தி அம்மாவையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "தொட்டி நெறஞ்சிட்டு, மேடம். நல்ல தண்ணிதான், பயப்படாமக் குடிக்கலாம்" என்றார். குரலில் குத்தல் இல்லை. என் பொய்யை எனக்காகக் காப்பாற்றிக் கொடுத்தார்.

தங்கச்சி கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். அன்று சாயங்காலம் கன்னியாகுமரியில் அந்தத் தண்ணீரில்தான் டீ போட்டோம். நன்றாகத்தான் இருந்தது, நானும் குடித்தேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு மகள் ஒரு விஷயம் சொன்னாள், அவளுக்கு என் தங்கச்சி மகள் சொன்னதாம். அந்த ஊரில் நல்ல தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள்தான் குழாயில் வரும். டிரம்மில் இருந்தது அவர்களுக்கு அந்த வாரம் முழுவதற்கும். நாங்கள் போன பிறகு ஐந்து நாள் அக்கம்பக்கத்தில் குடம் குடமாகக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். "சித்தி உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னாங்களாம்மா" என்று மகள் அழுதாள்.

இரண்டு மாதம் பொறுத்து ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறித் தனியாகப் போனேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டேன். பெரிதாக ஒன்றும் பேசப் போவதில்லை, உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். வாங்கக்கா என்றாள். நாற்காலி போட்டாள், மின்விசிறியைத் திருப்பி வைத்தாள். அவள் மகள் படிப்பு, மழை, தங்கம் விலை என்று எல்லாம் பேசினோம். மணி ஒன்றானது, ஒன்றரையும் ஆனது. அடுப்படியிலிருந்து மீன் குழம்பு வாசனை வருகிறது. அவள் சாப்பிடக் கூப்பிடவே இல்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு நானே, "பசிக்குதுளா" என்றேன்.

எழுந்து போனாள். ஒரு கூல்டிரிங்ஸ் பாட்டிலும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் கொண்டுவந்து என் கண் முன்னாலேயே மூடியைத் திருகினாள். சீல் உடைகிற சத்தம் கேட்டது.

"கடையில வாங்குனதுதாங்க்கா. எங்க கை ஒண்ணும் படல."

"நான் சோறு சாப்பிடத்தாம்ளா வந்தேன்."

பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூடக் காலைப் பிடித்திருப்பேன். "வேண்டாங்க்கா. அன்னைக்கு இவுக எவ்வளவு கஷ்டப்பட்டு உன்னைய மேடம்னு கூப்பிட்டாவ தெரியுமா? இனி மைனின்னு அவுக வாயில வராது. அது அப்படியே இருந்துட்டுப் போவட்டும்" என்றாள்.

பாட்டிலைக் குடித்து முடித்துவிட்டு மூன்று மணி பஸ்ஸில் திரும்பினேன். இப்போதும் எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வருகிறாள், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறாள். சம்பந்தி அம்மாவோ, யாரோ எவரோ என்று பார்க்காமல் கொளுத்தும் வெயிலில் தொட்டி நிறையத் தண்ணீர் கொடுத்த அந்த ஊர் ஜனங்களைப் பற்றிப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போகிறார், ஆமாம் ஆமாம் என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுகிறேன். இருபத்திரண்டு வருஷமாக நான் வேண்டாம் என்று ஒதுக்கியதை அவள் ஒரே ஒரு தடவை எனக்கு வேண்டாம் என்று சொன்னாள், அந்த ஒரு தடவையைத் தாங்க எனக்கு இன்றுவரை தெம்பு வரவில்லை.