பாக்கெட்டுக்குப் பதில் பாக்கெட்

திருச்சானூரில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை எனக்கு. அறை கேட்டு ஆட்கள் வந்துகொண்டே இருப்பதால் மதியம் எழுந்து போகமாட்டேன். க்ரீம் பிஸ்கெட், சிப்ஸ், சுடுதண்ணீர் ஊற்றும் கப் நூடுல்ஸ், அவ்வளவுதான் சாப்பாடு. ஷேர் ஆட்டோ ஓட்டும் என் கணவருக்கும் இதேதான், கூடவே கூல்டிரிங்க்ஸ்.

போன வருஷம் படியேறினாலே மூச்சு வாங்கியது. திருப்பதியில் ரத்தப் பரிசோதனை செய்தால், சர்க்கரை எல்லையில் நின்றது. "இப்படியே விட்டா மாத்திரைதான்" என்றார் டாக்டரம்மா.

அன்றைக்கே மாறினேன். க்ரீம் பிஸ்கெட்டுக்குப் பதில் ஓட்ஸ் பிஸ்கெட். அவருடைய கூல்டிரிங்க்ஸுக்குப் பதில் இருவருக்கும் டப்பா பழச்சாறு. பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருந்தது.

டாக்டரம்மா திட்டவில்லை. என் பையிலிருந்த பிஸ்கெட்டை வாங்கிப் பின்பக்கம் என்னென்ன சேர்த்திருக்கிறது என்ற பட்டியலைக் காட்டினார். "எது முதல்ல இருக்கோ அதுதான் அதிகம். படிங்க."

மைதா, சர்க்கரை, பாமாயில். அதற்குப் பிறகுதான் ஓட்ஸ். அப்புறம் எந்தச் சமையல்கட்டிலும் இல்லாத பெயர்கள்.

"நார்ச்சத்து கம்மி. வயிறு நிறையாது, மேல மேல தின்ன வைக்கும். உங்க வீட்ல இல்லாத சாமான் நிறைய இருந்தா வாங்காதீங்க. டப்பா ஜூஸும் சர்க்கரைத் தண்ணிதான்."

வீட்டில் சொன்னதும் கணவர் பாக்கெட்டைப் புரட்டினார். "ஏம்மே, ஓட்ஸுன்னு பெருசா போட்டுகிறான், பொய்யா?"

"பொய் இல்லைங்க. கொஞ்சூண்டு இருக்குது."

"அப்போ நான் இன்னா துன்றது?"

"வூட்ல செய்றத எடுத்துக்கினு போங்க."

மறுநாளிலிருந்து டப்பாவில் கேழ்வரகுக் களியும் கீரையும். சாயங்காலத்துக்கு வேகவைத்த வேர்க்கடலை, கொய்யா. குடிக்க மோர். மதியம் கொஞ்ச நேரம் கவுன்டரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, அறை சுத்தம் செய்யும் அக்காவைக் கேட்டேன். "இத்தினி நாளா ஏம்மா கேக்கல?" என்றாள். சாப்பிட்டு வரும்வரை வந்தவர்கள் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

கணவர்தான் முதல் வாரம் எரிந்து விழுந்தார். ஆட்டோ ஸ்டாண்டில் எனக்குத் தெரியாமல் கூல்டிரிங்க்ஸ் குடித்ததும் எனக்குத் தெரியும், கேட்கவில்லை. ஒருநாள் அவராகவே, "நெஞ்செரிச்சல் கம்மியாயிட்ச்சி. மோர் இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார்.

அதற்கடுத்த பரிசோதனையில் எனக்குச் சர்க்கரை இறங்கியிருந்தது. மாத்திரை தேவைப்படவில்லை. தங்கச்சி கல்யாணத்தில் ஜிலேபி தின்றதையும் டாக்டரம்மாவிடம் சொன்னேன். "கல்யாணம் தினமும் வராதே" என்று சிரித்தார்.