பனியில் வந்த கம்பளிக்காரர்

மார்கழியில் கல்வராயன் மலையில் வெயில் ஏறினாலும் பனி விலகாது. அப்படி ஒரு காலையில்தான் எங்கள் செவலைப் பசு கன்று போட முடியாமல் கொட்டகையில் சாய்ந்துவிட்டது. கன்றின் முன்னங்கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. வீட்டுக்காரர் கள்ளக்குறிச்சிக்குப் போயிருந்தார். மாட்டு டாக்டருக்கு போன் போட்டால் சிக்னல் இல்லை. பசுவின் கண் செருகியதும் பயந்துபோய் அதன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

ரோட்டில் மொபெட் சத்தம் கேட்டு ஓடினேன். கம்பளி விற்க வந்த பாய் ஒருவர். முன்பின் தெரியாதவர்.

“பாய், மாடு செத்துடும்போல கீது, வாங்க!”

கொட்டகைக்குள் வந்தவரின் முகம் வெளுத்தது. “எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா. பயமா கீது. நீ சொல்லு, இழுக்கறேன்.”

பசு முக்கும்போதெல்லாம் இருவரும் சேர்ந்து இழுத்தோம். கன்று வழுக்கி விழுந்தது. ஆனால் மூச்சு இல்லை. நான் அழுதுகொண்டே அதன் மூக்குச் சளியை வழித்தேன். அவர் மொபெட்டில் விற்பனைக்கு வைத்திருந்த புதுக் கம்பளியை உருவி வந்து, கன்றின் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“மூச்சு வுடும்மா, மூச்சு வுடு...”

கன்று தும்மியது. பாய் அப்படியே சாணியில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

தைரியசாலிகள்தான் உதவிக்கு வருவார்கள் என்று நினைத்திருந்தேன். அன்று என்னைவிட அதிகமாகப் பயந்த மனிதர்தான் ஓடிப்போகாமல் என் பக்கத்தில் நின்றார்.