ஏரிக்கரை சாமிக்கு நாங்கள் யார்

எனக்கு நிச்சயம் செய்ய வந்த அன்று காலை வரைக்கும் நாங்கள் ரங்கூனிலிருந்து வந்த குடும்பம். மத்தியானத்துக்குள் அந்தமானிலிருந்து வந்த குடும்பமாகிவிட்டோம். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தலை சுற்றுகிறது.

என் நைனா ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் சுண்ணாம்புக் குழி வேலை பார்த்தார். பதினைந்து வயதில் தன்னந்தனியாகக் கப்பலில் வந்து இறங்கியவர். சொந்தபந்தம் பற்றிக் கேட்டால், "எல்லாரும் ரங்கூன்லயே போய்ட்டாங்க" என்பார். அதற்குமேல் கேட்டால் எழுந்து போய்விடுவார். அம்மாவும் நான் சின்னவளாக இருந்தபோதே இறந்துவிட்டாள். வீட்டில் அவரும் நானும்தான்.

மாப்பிள்ளை அதே ஷாப்பில் தோல் காயப்போடுகிறவர். நைனாவுக்குக் கூழ் கொண்டுபோகும்போது என்னைப் பார்த்துவிட்டுத் தன் பெரியப்பாவைப் பெண் கேட்க அனுப்பினார். எனக்கும் அவரைப் பிடித்திருந்தது. அதிலே மறைக்க என்ன இருக்கிறது?

தட்டு மாற்றுவதற்கு முன்னால் பெரியப்பா வழக்கமாக எல்லாரும் கேட்பதைக் கேட்டார். "உங்க குலசாமி எது?"

"காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில, மதகுக்குப் பக்கத்துல மூணு கல்லு. அந்த அம்மாதான்" என்றார் நைனா.

பெரியப்பா தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "அடக் கடவுளே! அது எங்க சாமியாச்சே! ஒரே சாமின்னா பங்காளி. இந்தப் பொண்ணு இவனுக்குத் தங்கச்சி முறைடா!"

போச்சு. காலையில் மாப்பிள்ளை, இப்போது அண்ணன். அவரை நிமிர்ந்து பார்ப்பதா வேண்டாமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

பெரியப்பா அதோடு விடவில்லை. "எங்க வகையறாவுல ஊரை வுட்டுப் போனது ஒரே ஆளு, எங்க சித்தப்பன். மதகுத் தண்ணித் தகராறுல ஒருத்தன வெட்டிட்டு அந்தமானுக்குப் போனான். நீ அவன் புள்ளயா?"

நைனா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். வந்தவர்களும் கிளம்பிவிட்டார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ரங்கூன் ரங்கூன்னு இத்தினி வருஷமா இன்னா நைனா கதை வுட்ட?" என்று கத்தினேன். அப்போதுதான் சொன்னார்.

"எங்கம்மாவும் கைதிதான். ஒழுங்கா நடந்துக்கிற கைதிங்க அந்தமான்ல கல்யாணம் கட்டிக்கலாம். ஆம்பளைங்க பாத்துப் பொறுக்கப் பொம்பளைங்கள வரிசையா நிக்க வெப்பாங்க. எங்கம்மா என்னைய இடுப்புல வெச்சிக்கினு நின்னுச்சாம். புள்ளைக்காரி வேணாம்னு எல்லாரும் தாண்டிப் போய்ட்டாங்க. அவங்க சித்தப்பாரு மட்டும் நின்னு, மொதல்ல என்னக் கையில வாங்கினாராம்."

"அப்ப உன்னப் பெத்தவரு?"

"எங்கம்மா சொல்லல. அது எந்த ஊருன்னும் தெரியாது. பாதி தெலுங்கு, பாதி துலுக்கப் பாஷை பேசும். என்ன வளத்தவரு தீவுல மூணு கல்லு நட்டு வருஷா வருஷம் பொங்க வெப்பாரு. இது நம்ம சாமிடான்னு என் கையப் புடிச்சி நிறுத்துவாரு" என்றார்.

கொலைகாரர் ஒருவர், யாரென்று தெரியாதவர் ஒருவர். இதில் யாரை நான் தாத்தா என்று நினைப்பது? குழம்பித்தான் போனேன். ஆனால் ஒன்று மட்டும் சட்டென்று பிடிபட்டது. "அப்ப நாம அவங்க ரத்தம் இல்லயே நைனா! அதப் போய் சொல்லேன்."

"அவரு எங்கப்பன் இல்லன்னு என்னையே சொல்லச் சொல்றியா?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே, "ஆமா" என்றேன். நான் பாவி.

மறுநாள் போய்ச் சொன்னார். பெரியப்பா மோவாயைத் தடவி நெடுநேரம் யோசித்தார். "ரத்தம் இல்லன்னா பங்காளி இல்ல. பொறந்த வூட்டு சாமி இல்லாட்டி இன்னா, வர்ற வூட்டு சாமிதான் பொண்ணுக்கு சாமி" என்று முடித்தார். தட்டு மாறியது, தாலியும் ஏறியது.

கல்யாணமாகி முதல் பொங்கல் வைக்க ஏரிக்கரைக்குப் போனோம். நைனாவும் வந்தார். அதுவரை அந்தக் கரையை அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் வண்டியிலிருந்து இறங்கியவர் யாரையும் கேட்காமல் நேரே மதகுப் பக்கம் நடந்தார். மூன்று கற்களும் அவர் சொன்னபடியே இருந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு, நடுக் கல்லைத் தொடக் குனிந்தார்.

"பங்காளிங்க மட்டும் முன்னால வாங்க. மத்தவங்க மரத்தாண்ட நில்லுங்க" என்று பூசாரி குரல் கொடுத்தார். நைனாவைப் புதுமுகமாகப் பார்த்து, "நீங்க யாரு?" என்றார்.

நான் புதுப் பானையை ஏந்திக்கொண்டு பங்காளி வீட்டு மருமகளாக முன்வரிசையில் நின்றிருந்தேன். நைனா என்னை ஒரு தரம் பார்த்தார். நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"பொண்ணு குடுத்தவன்" என்று சொல்லிவிட்டு மரத்தடிக்குப் போய் நின்றார்.