பின்பக்கம் கயிறு கட்டிய லோரி

"இது இல்ல சார்."

போன சனிக்கிழமை காலை. பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டு டைனிங் டேபிளில் ஒரு பழைய மரப் பொம்மை லோரியைத் துடைத்து, மாப்பிள்ளை மாதிரி உட்கார வைத்திருந்தேன். அதைப் பார்க்கவென்றே காப்பாரிலிருந்து தானே கார் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார் சரஸ்வதி என்கிற அம்மையார். அறுபது வயதிருக்கும். இரண்டு கையிலும் ஊன்றுகோல். எங்கள் அடுக்குமாடியில் லிப்ட் வேலை செய்கிற நாளாகப் பார்த்து வந்தது அவருடைய அதிர்ஷ்டம்.

அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை. இது இல்லையாம்!

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கயிறு கட்டி இழுக்கிற பழைய மரப் பொம்மைகளைத் தேடிச் சேர்ப்பது என் பைத்தியம் என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் என் மனைவியைக் கேட்கலாம், விவரமாகத் திட்டுவார். இரண்டு வாரத்துக்கு முன் பத்திரிகையின் இதே பக்கத்தில் இந்த லோரியின் படத்தைப் போட்டு, "யாருக்காவது இதைத் தெரியுமா?" என்று கேட்டிருந்தேன். வந்த போன்களில் ஒருவர் பேட்டரி எத்தனை என்று கேட்டார். இன்னொருவர் என் உடல்நலம் விசாரித்தார்.

மூன்றாவதாகப் பேசியவர்தான் சரஸ்வதி. எடுத்ததும் ஒரே கேள்வி.

"சக்கரத்துக்கு நடுவுல சைக்கிள் கம்பி சொருகியிருக்கா சார்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சைக்கிள் சக்கரத்துக் கம்பிதான் அச்சாக இருந்தது. ஆனால் அது படத்திலும் இல்லை, நான் எழுதவும் இல்லை! உடனே வரச் சொல்லிவிட்டேன்.

இப்போது வந்து பார்த்துவிட்டு, இல்லை என்கிறார். எப்படி?

லோரி என்னிடம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். கிள்ளானில் ஒரு பழைய சாமான் கடை. மின்காற்றாடிகளுக்கும் தையல் மெஷின்களுக்கும் அடியில் கிடந்தது. எடுத்ததும் கவிழ்த்துப் பார்த்தேன். பொம்மை சேர்க்கிற எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான், பொம்மையின் முகத்தை யார் பார்க்கிறார்கள்? வயிற்றைப் பார்த்தால்தான் வயசு தெரியும். மேலே எத்தனை சாயம் வேண்டுமானாலும் பூசலாம், அடியில் பூச யாருக்கும் பொறுமை இருக்காது.

அடியில் பாதி எழுத்து ஒன்று கறுப்பு மையில் தெரிந்தது. அப்படியானால் துறைமுகத்தில் சரக்கு வந்து இறங்கிய பெட்டிப் பலகை. சக்கரங்கள் உருண்டைக் கட்டையை வில்லை வில்லையாக அறுத்தவை, நாலும் நாலு அளவு. ஆக, தொழிற்சாலைச் சரக்கு இல்லை. யாரோ கையால் செய்தது. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தி வந்தது.

ஒன்றே ஒன்றுதான் இடித்தது. கயிறு கட்ட முன்பக்கம் ஓட்டையே இல்லை. பின்பலகையின் நடுவில், பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்ட மாதிரி, கறுத்த ஓரத்தோடு ஓர் ஓட்டை.

இழுக்கிற வண்டிக்குப் பின்னால் யாராவது கயிறு கட்டுவார்களா? பின்னாளில் யாரோ சுவரில் மாட்டி வைக்கப் போட்ட ஓட்டை என்று முடிவு கட்டினேன். நோட்டுப் புத்தகத்திலும் 'பிற்காலச் சேதம்' என்று எழுதினேன். எழுதியதோடு விட்டேனா? மர ஓட்டை அடைக்கிற பசை வாங்கி அதை அடைத்தேன். சாயம் தடவினேன். முன்னால் டிரில் போட்டுப் புதுக் கயிறு கோர்த்தேன். மேலே சரக்கு ஏற்றும் தட்டில் ஒரே கறை… உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வெள்ளை வெளேரென்று ஆக்கினேன். அதற்கப்புறம்தான் உங்களுக்குப் படம் காட்டினேன்.

சனிக்கிழமைக்கு வருவோம்.

"நல்லாப் பாருங்கக்கா. சைக்கிள் கம்பிகூட இருக்கே?"

"அது இருக்கு சார். அந்தக் காலத்துல எல்லாருக்கும் சைக்கிள் கம்பிதானே கெடச்சிச்சு. ஆனா என் லோரிக்குக் கயிறு பின்னால. இதுல பின்னால ஓட்டையே இல்லையே!" என்று சொல்லிக்கொண்டே ஊன்றுகோல்களை ஊன்றி எழுந்துவிட்டார்.

சும்மா இருந்தால் அவர் போய்விடுவார், லோரி எனக்கே. அந்த எண்ணம் வந்தது, உங்களிடம் மறைப்பானேன்? ஆனால் அதைவிடப் பெரிய அரிப்பு ஒன்று உள்ளே… கேட்டே விட்டேன்.

"பின்னால ஏங்க்கா கயிறு?"

மறுபடி உட்கார்ந்தார்.

"எனக்கு மூணு வயசுல காய்ச்சல் வந்து காலு போயிருச்சு சார். ரப்பர் எஸ்டேட்டுல வரிசையா கட்டுன லயத்து வீடு. அம்மா பால்மரம் வெட்டப் போயிருவாங்க. மாமா போர்ட்ல லோரி கெலிண்டான், மூட்டை ஏத்தி எறக்குற வேல. அவருதான் செஞ்சு குடுத்தாரு. முன்னால கயிறு கட்டுனா எந்திரிச்சு நடந்து இழுக்கணும். நான் எங்க நடக்குறது? பின்னால கட்டுனா உக்காந்த எடத்துலருந்தே தள்ளிவிடலாம்லா. வாசல் வரைக்கும் போவும். அங்க என் தம்பி ஏதாச்சும் ஏத்துவான். ரப்பர் கொட்டை, மண்ணு, ஒருநாளு உசிரோட ஒரு நத்தை! அப்புறம் நான் கயித்த இழுத்துக்குவேன்."

ஊன்றுகோல்களை டேபிளில் சாய்த்துவிட்டுச் சொன்னார்:

"லயத்த காலி பண்ணுனப்போ பழைய பேப்பரோட போயிருச்சு. எந்தப் பழைய சாமான் கடையப் பாத்தாலும் எறங்கிக் கேப்பேன். சிரிப்பாங்க."

தேநீரோடு வந்த மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் அந்தப் பசை டப்பாவோடு போராடியதை முழுக்கப் பார்த்தவர் அவர்.

"அக்கா… ஓட்டை இருந்துச்சு. நான்தான் அடைச்சிட்டேன்."

"ஏன் சார்?"

"தப்பா இருக்குன்னு நெனச்சு…"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். லோரியின் பின்பலகையை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"அடைக்கிறதுக்கு முன்ன போட்டோ எடுத்தீங்களா?"

எடுத்தேன், முன்பக்கத்தை மட்டும்.

"அப்போ தொறந்து பாருங்க. நான் செவுத்து மூலையில சாஞ்சுதான் உக்காருவேன். கயிறு எப்பவும் ஒரே பக்கமாத்தான் இழுபடும். பின்னாலருந்து பாத்தா எடது ஓரம் தேஞ்சிருக்கணும். இருந்தா என்னுது. இல்லாட்டி வேற ஏதோ ஒரு பிள்ளையோடது, நான் கெளம்பிர்றேன்."

மனைவி தையல் டப்பாவிலிருந்து கோணி ஊசியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். பசை, டப்பாவின் மேல் அச்சடித்திருந்தபடியே கல்லாக இறுகியிருந்தது. ஒரு விளம்பரம் உண்மையாக இருந்ததற்காக வருத்தப்பட்டது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. டிரில் போட்டால் ஓரமும் சேர்ந்து போய்விடும். சுரண்டினேன்… ஊதினேன்… மறுபடி சுரண்டினேன். தேநீர் ஆறிப்போனது. தேய்மானம் இல்லாமல் போனால் இந்த அம்மாளின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று எனக்குப் பயமாக இருந்தது.

கடைசித் துணுக்கு விழுந்தது. கறுத்த வட்டம் தெரிந்தது. இடது ஓரத்தில், கயிறு போன தடம் பள்ளமாக, வழவழவென்று.

அவர் கையில் கொடுத்தேன். சுண்டுவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. அப்புறம் லோரியின் தட்டைத் தடவிவிட்டுக் கேட்டார்.

"கறையெல்லாம் எங்க சார்?"

ரப்பர் கொட்டையும் மண்ணும் ஏறி இறங்கிய தடத்தை அரை மணி நேரத்தில் தேய்த்து எறிந்தவன் நான். அதை எந்த ஊசியாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினார். முன்னால் நான் போட்ட டிரில் ஓட்டையைப் பார்த்து, "இதையும் அடைச்சிராதீங்க சார், போதும்" என்றார்.

கயிற்றை முன்னாலிருந்து உருவிப் பின்னால் அவரே கட்டினார். டேபிளின் அந்தக் கோடியிலிருந்து என்னை நோக்கி ஒரு தள்ளு. லோரி தடதடவென்று வந்து என் முன்னால் நின்றது. நான் வழக்கம்போல அதை எடுத்துக் கவிழ்க்கப் போனேன்.

"என்ன சார் பாத்துக்கிட்டே இருக்கீங்க? ஏதாச்சும் ஏத்துங்க!"

தேநீரோடு வந்த முறுக்கில் இரண்டை எடுத்து லோரியில் வைத்தேன். கயிற்றைச் சுருட்டி இழுத்துக்கொண்டார். ஒன்றை என் மனைவிக்குக் கொடுத்துவிட்டு, ஒன்றைக் கடித்தார். லோரி அன்றே காப்பாருக்குப் போய்விட்டது.

எந்த மரம், எந்த ஆணி, எந்தச் சாயம் — பொம்மை கையில் வந்தால் இத்தனையும் கேட்பேன். அதை இழுத்த பிள்ளை எங்கே உட்கார்ந்திருந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஓட்டை தப்பான இடத்தில் இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்ல மட்டும் நான் முதல் ஆள்!

அவர் போனதும் அலமாரியைத் திறந்து நின்றேன். அறுபத்திரண்டு பொம்மைகள். ஒன்றையாவது தரையில் வைத்து இழுத்துப் பார்த்திருக்கிறேனா? வெட்கத்தை விட்டு, ஒரு மர வாத்தை எடுத்து ஹாலில் இழுத்தேன். மூன்றாவது அடியில் வாயைத் திறந்து 'டக்… டக்…' என்று கத்தியது.

பதினோரு வருஷமாக என் நோட்டில் அதன் பெயருக்கு எதிரே எழுதியிருப்பது: 'சத்தம் வராத ரகம்.'