சி என்றால் கோல்டு, எஃப் என்றால் ஃபயர்

அக்கா பாத்ரூமில் விழுந்ததற்குக் காரணம் வழுக்கல் இல்லை, கரப்பான்பூச்சி. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் அவள் மகன் நம்புவதாக இல்லை. கையில் மக்கோடு கரப்பானைத் துரத்திக்கொண்டு போனவள், அது சுவரில் ஏறியதும் தானும் ஏறப் பார்த்தாள். எழுபத்தைந்து வயதில் யாராவது சுவரில் ஏறுவார்களா? அவளுக்கு இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. கரப்பான் தப்பித்துக்கொண்டது.

ரெட்டியார்பாளையத்து வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேருக்கும் புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று. எனக்குப் பிள்ளை இல்லை. அக்காவுக்கு ஒரே மகன், பாரிசுக்குப் பக்கத்தில் ஏதோ ஓர் ஊரில் குடும்பத்தோடு இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் வருவான். அந்த ஞாயிறு மாவுக்கட்டை மறைக்க அக்கா சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். நடந்தது மே மாதம்! பாண்டிச்சேரி மே மாதத்தில் சால்வை போர்த்திய அம்மாவைப் பார்த்ததுமே அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"சின்னம்மா, இனிமே இது சரிப்படாது. ஆகஸ்ட்ல வரேன். பாத்ரூம் பத்திரமா இல்லன்னா அம்மாவ கையோட கூட்டிட்டு வந்துடுவேன்," என்றான்.

அக்கா போனை வைத்துவிட்டுச் சால்வையை உருவி எறிந்தாள். இவள் போய்விட்டால் நான் இந்த வீட்டில் யாரோடு சண்டை போடுவது? காலையில் காப்பியில் சர்க்கரை கூட என்று யாரைத் திட்டுவது? அவள் முகத்துக்கு நேரே இதையெல்லாம் சொல்கிற ரகம் இல்லை நான். "பாத்ரூம மாத்திப்புடலாம் வா," என்று மட்டும் சொன்னேன்.

அவன் போட்ட உத்தரவுகளைக் கேட்டால் சிரிப்பாணி பொத்துக்கொள்ளும். தரையில் சொரசொரப்பான டைல்ஸ். சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி, அதுவும் ஆணி அடித்தது இல்லை, யானை தொங்கினாலும் பெயராததாக. உட்கார்ந்து குளிக்க ஒரு நாற்காலி. அதில் அக்கா முதல் நாளே அழுக்குத் துணியை ஊறப்போட்ட வாளியை உட்கார வைத்தாள். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டவள் கதவுப் பூட்டு விஷயத்தில்தான் பொங்கினாள். உள்ளே தாழ்ப்பாள் கூடாதாம். வெளியிலிருந்து ஒரு ரூபாய்க் காசைச் சொருகித் திருகினால் திறக்கிற பூட்டு வேண்டுமாம்.

"அப்ப கதவு எதுக்குடா? ஒரு பழைய பொடவைய தொங்கவுட்டா போதாதா?" என்றாள்.

கடைசியில் பிரான்சிலிருந்து ஒரு பார்சல் வந்தது. பளபளவென்று ஒரு ஷவர் குழாய், இரண்டு திருகு. ஒன்றில் சி என்று போட்டிருந்தது, இன்னொன்றில் எஃப்.

அதைப் பொருத்த மூலக்குளத்திலிருந்து ஒரு ப்ளம்பர் வந்தார். அக்கா அந்நேரம் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு கட்டுப் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். ப்ளம்பர் வேலையில் எப்படியோ, பேச்சில் சூரர்.

"சி-ன்னா கோல்டு. இது சின்னப் புள்ளைக்கும் தெரியும்மா."

"அப்ப எஃப்?"

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை மனுஷன். "ஃபயரு."

"ஹாட்டுன்னுதானே போடுவாங்க?"

"அந்த ஊரு குளுருக்கு ஹாட்டு எப்படிம்மா பத்தும்? அதான் ஃபயரு."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. கீசர் பைப்பை எஃப்-இல் கொடுத்து, வெள்ளை சிமெண்ட் பூசி, டீயையும் குடித்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் அக்கா கையலம்பப் போனாள். "ஐயோ!" என்று ஓர் அலறல். குளிர்ந்த தண்ணீருக்கு எஃப்-ஐத் திறந்தாளாம், விரலெல்லாம் சுட்டுவிட்டது.

"எவண்டி இந்த வேலையப் பாத்தது? பிரெஞ்சுல சி-ன்னா ஷோ, சூடு! எஃப்-னா ஃப்ருவா, குளிர்!"

"உனக்கு ஷோ. எனக்கு கோல்டு," என்றேன் நான்.

இந்த வம்புக்கு மூலகாரணம் எங்கள் அப்பா. அக்காவைப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டான் என்பது அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. உறைத்த பிறகு என்னைக் கொண்டுபோய் இங்கிலீஷ் சொல்லித்தருகிற பள்ளிக்கூடத்தில் தள்ளினார். ஒரே தட்டில் சோறு தின்று வளர்ந்த இரண்டு பேருக்கு இரண்டு விதமான சி.

ப்ளம்பருக்கு போன் போட்டேன். "நாளைக்கு வரேம்மா," என்றார். அந்த நாளை இன்னும் விடியவில்லை. கடைசியில் நானே ஒரு வழி செய்தேன். என் நெற்றியிலிருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து எஃப் திருகின் மேல் ஒட்டினேன். புருஷன் போனதோடு பொட்டும் போகவேண்டும் என்று சொன்ன சொந்தக்காரிகள் வந்து பார்க்கட்டும், என் பொட்டு எவ்வளவு உபயோகம் என்று. சிவப்பு என்றால் சூடு. அக்காவுக்கும் அது விளங்கிற்று, எனக்கும் விளங்கிற்று. அவள் மகனிடம் மட்டும் மூச்சு விடவில்லை. அவன் வந்தால் மாடி பாத்ரூமில்தானே குளிக்கப்போகிறான்?

ஆகஸ்டில் வந்து இறங்கினான். பெட்டியைக்கூடத் திறக்காமல் நேராகப் போய்க் கம்பியைப் பிடித்து ஆட்டினான். ஷூ காலால் டைல்ஸைத் தேய்த்தான். பூட்டைக் காசு போட்டுத் திறந்தான், மூடினான். அக்கா வாசற்படியில் நின்றுகொண்டு பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"பரவால்ல. நானே ஒரு தடவ குளிச்சுப் பாத்துடறேன்," என்றான்.

துண்டோடு உள்ளே போனவன், கதவிடுக்கில் தலையை நீட்டினான். "சின்னம்மா, சுவரெல்லாம் உங்க பொட்டு. குளிக்கறப்ப எடுத்து ஒட்டிட்டு அப்படியே விட்டுடுவீங்களா? குழாய்ல கூட ஒண்ணு. எல்லாத்தையும் சுரண்டிட்டேன்." கதவு மூடிக்கொண்டது.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்காவின் குளியலுக்காகக் கீசர் காலையிலிருந்தே கொதித்துக்கொண்டிருந்தது.

"சொல்லிடவா?" என்றேன்.

"சொன்னா எனக்குப் பாரிசு டிக்கெட்டு."

"சொல்லாட்டி வெந்துடுவான்டி!"

"பாவி, அப்ப சொல்லித் தொலை!"

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் திறந்துவிட்டான். என்ன நடந்தது என்பதைப் பிறகு அவனே சொன்னான். எஃப்-ஐ முழுக்கத் திறந்திருக்கிறான். பைப்பில் நின்றிருந்த தண்ணீர் முதலில் குளுகுளுவென்றுதான் வந்தது. நிம்மதியாக முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியிருக்கிறான். அப்புறம் ஃபயர் வந்தது. சி-தான் எங்கோ ஒழுகுகிறது என்று நினைத்து அதை இறுக்கி மூடிவிட்டு, எஃப்-ஐ இன்னும் திருகப் பார்த்தானாம்.

"மோன் தியோ! அம்மா! அம்மா!"

அக்காவின் முட்டிவலி எங்கே போயிற்றோ தெரியவில்லை. நான் காசைத் தேடி எடுப்பதற்குள் அவள் தன் சுருக்குப்பையிலிருந்து எடுத்துச் சொருகித் திருகிவிட்டாள். உள்ளே புகைமூட்டமாக ஆவி. அதன் நடுவில் ஐம்பதை எட்டப்போகிற பிள்ளை, முகமெல்லாம் நுரையோடு, சோப்புத் தண்ணீரில் ஒரு கால் வழுக்க, தான் போடச் சொன்ன கம்பியில் இரண்டு கையாலும் தொங்கிக்கொண்டிருந்தான்.

"உள்ள வராதீங்க! யாராச்சும் வாங்க!" என்று கத்தினான்.

நான் கண்ணை மூடிக்கொண்டு போய்த்தான் குழாயை மூடினேன். முழுதாக மூடிக்கொண்டேனா என்று அந்த நேரத்தில் யாரும் விசாரிக்கவில்லை.

பெரிய சேதம் எதுவும் இல்லை. தோள் மட்டும் சிவந்திருந்தது. பச்சைத் தண்ணீரை ஊற்றி ஊற்றி எரிச்சல் அடங்கியதும் கூடத்தில் உட்காரவைத்தோம். உட்கார்ந்ததும் அவனுக்குக் கோபம் பிய்த்துக்கொண்டு வந்தது.

"பாத்தீங்களா? இதத்தான் அப்பவே சொன்னேன். நானே விழப் பாத்தேன், அம்மா எந்த மூலைக்கு? இனிமே பேச்சே கிடையாது. அம்மா என்கூட வராங்க."

எங்கள் மூன்று மாதப் பாடும் போயிற்று, அக்காவும் போகப்போகிறாள். பழி வாங்க அந்த ப்ளம்பர்கூட எதிரில் இல்லை.

அக்காதான் பேசினாள். அதட்டவும் இல்லை, அழவும் இல்லை.

"டேய், நீ கத்தி வாய மூடறதுக்குள்ள நாங்க ரெண்டு பேரும் கதவத் தொறந்துட்டோம். உங்க வீட்டுல எல்லாரும் விடிஞ்சதும் போனா இருட்டுனப்புறம் வர்றீங்க. கதவச் சாத்தினா பக்கத்து வீட்டுக்காரன் இருக்கானா செத்தானான்னு தெரியாது. அங்கயும் கம்பி போடுவ, டைல்ஸ் போடுவ, எல்லாம் போடுவ. நான் உள்ள விழுந்து கெடந்தா வெளிய நின்னு காசு போட்டுத் தொறக்கறது யாருடா?"

அவன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், பெண்டாட்டியிடம் பிரெஞ்சில் பேச ஆரம்பித்தான். பேசினான், பேசினான், பேசிக்கொண்டே இருந்தான். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. இருப்புக் கொள்ளவில்லை. அக்காவை இடித்தேன்.

"என்னக்கா சொல்றான்?"

"அம்மா வரலையாம்."

"அதுக்கா இவ்ளோ நேரம்?"

அக்கா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். அவள் கண் கலங்கிவிட்டது. "'அம்மாவுக்கு இங்க ஆள் இருக்கு'ங்கிறான்."

"ஆளா? யாரு, என்னையா சொல்றான்?"

"பின்ன, அந்த ப்ளம்பரையா?" என்று சொல்லிவிட்டு அக்கா முந்தானையில் மூக்கைச் சிந்தினாள்.